குட்டியிடம் கேட்காத ஆறாவது புத்தகம்

அந்த ஆறாவது புத்தகத்தை எழுதியவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அவர் எந்த நாட்டுக்காரர் என்று நினைவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. இருந்தால் தள்ளாத வயதாக இருக்கும், தள்ளாத வயதில் இருப்பவரைத் திட்டுவது பாவம் என்பார்கள். பாவம் வந்தால் வரட்டும். அவருடைய முதல் ஐந்து புத்தகங்களையும் சோறு தண்ணீர் மறந்து வாசித்தவள் நான். ஏனோதானோ என்று வாசித்த புத்தகம் கடைசியில் கெட்டுப்போனால் மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். உயிராய் இருந்த புத்தகம் கடைசியில் கழுத்தை அறுத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அவை ஒற்றைக்கொம்புக் குதிரைகளின் கதைகள். மெல்லிய புத்தகங்கள். யாரோ தமிழில் மொழிபெயர்த்து, சென்னையில் அச்சிட்டிருந்தார்கள். நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு, அதில் நெற்றியில் ஒரே ஒரு கொம்போடு பேசும் வெள்ளைக் குதிரைகள். கொம்பால் பாறையைத் தட்டினால் ஊற்று வரும். நஞ்சு கலந்த தண்ணீரில் கொம்பை நனைத்தால் தண்ணீர் நல்லதாகிவிடும். முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பனி கொட்டும் ஒரு விடியற்காலையில், பாறைக்கு அடியில் ஒரு குட்டி பிறக்கும். இன்னும் கொம்பு முளைக்காத குட்டி. ஐந்து புத்தகமும் அந்தக் குட்டி வளர்கிற கதைதான். அதற்கு ஒரு தோழி இருந்தாள், ஆடு மேய்க்கிற சின்னப் பெண். மலைக்கு அப்பால் ஓர் அரசன் இருந்தான். அவனுக்குப் பள்ளத்தாக்கு வேண்டும், குதிரைகள் வேண்டாம்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைக் கொளுத்தினார்கள். உடுத்த துணியோடு லொறியில் ஏறி வடக்கே வன்னிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அத்தையின் புருஷனான மாமா. ஸ்கந்தபுரத்துக்கு வெளியே காட்டோரமாக இரண்டு கொட்டில்கள் போட்டுக்கொண்டோம். ஆண்கள் காடு வெட்டக் கூலிக்குப் போனார்கள். பெண்கள் அடுத்தவர் தோட்டங்களில் மிளகாய் ஆயப் போனார்கள். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் நான் ‘ஆமா’ என்று வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும், அங்கே ‘ஓம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து இடைவேளைகளில் எதிரே இருந்த வாசிகசாலைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தன என் குதிரைகள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் மிளகாய் ஆயப் போக வேண்டும். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு நெரை. தேயிலைச் செடிகளின் வரிசையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லையும், அதோடு ஒட்டிய ஒரு வழக்கத்தையும் எங்கள் பெண்கள் லொறியில் கூடவே ஏற்றி வந்திருந்தார்கள். மலையில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால், அவள் நெரை பின்தங்காதபடி இந்தப் பக்கத்துக்காரியும் அந்தப் பக்கத்துக்காரியும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டு போவார்கள். கங்காணிகூட அதற்கு வாய் திறக்க மாட்டார். மிளகாய்த் தோட்டத்தில் எங்களோடு பால் குடிக்கிற பிள்ளை எதுவும் இல்லை, கதை சொல்கிற பிள்ளை ஒன்று இருந்தது. “நீ சொல்லிக்கிட்டே நட புள்ள, ஒன்னோட நெரைய நாங்க பாத்துக்குறோம்,” என்று அத்தைதான் முதலில் சொன்னாள். அன்றிலிருந்து நான் வெறுங்கையோடு நடந்தேன். என் நெரையை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் அத்தையும் ஆய்ந்தார்கள்.

குதிரை என்றதும் முதலில் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைத் துரை குதிரையில் வந்து, குதிரையில் இருந்தபடியே ஆட்களை ஏசிவிட்டுப் போன கதைகளை எல்லோரும் தாய்மார் வாயால் கேட்டிருந்தார்கள்.

“தொரை ஏறுற சாமானு நமக்கு எதுக்கு?” என்றாள் ஒருத்தி.

“கொம்பு இருக்குல்ல? கடிவாளத்த எப்புடி மாட்டுவான்?” என்றாள் அத்தை. “இதுமேல எந்தத் தொரையும் ஏற முடியாது.”

அவ்வளவுதான், குதிரைகள் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு ‘நம்ம குட்டி’ என்றுதான் பேச்சு. குட்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டதா, குட்டி ஒழுங்காகப் பால் குடிக்கிறதா என்று சொந்த வீட்டுப் பிள்ளையைப் போல விசாரித்தார்கள். நாலாவது புத்தகத்தில் அரசனுடைய ஆட்கள் குட்டியின் தாயைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் ஒருத்திக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மிளகாய் ஆய்ந்த கையாலேயே கண்ணைத் துடைத்தாள். பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அது குதிரைக்காக இல்லை. கிணற்றடிக்கு இழுத்துப் போய் முகத்தைக் கழுவிவிட்டோம். அப்போதும் அவள், “தாய விட்டானா இல்லியா, அதச் சொல்லு,” என்றாள்.

நான் கதையை வாசிக்கிற வேகத்துக்குச் சொல்வதில்லை. சொல்லவும் விட மாட்டார்கள். அரசன் ஒரு வரி பேசினால் அதற்கு இவர்கள் பத்து வரி திட்ட வேண்டும். ஒரு புத்தகம் ஒரு போகம் முழுக்க ஓடும். அப்படித்தான் ஐந்தாவது புத்தகத்தின் கடைசிக்கு வந்தோம். அரசனின் தூதன் பள்ளத்தாக்கின் வாசலில் நின்று, எல்லோரும் இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று பறையறைகிறான். குட்டி இப்போது கொம்பு வைத்த வாலிபக் குதிரை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, காலால் மண்ணைக் கிளறுகிறது. அதோடு புத்தகத்தை முடித்துவிட்டார் மனிதர். மீதி அடுத்ததில் என்று போட்டிருந்தது. அடுத்தது அலுமாரியில் இல்லை.

வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட அண்ணை கையை விரித்துவிட்டார். “ஐஞ்சுதான் பிள்ளை எங்களுக்கு வந்தது. யாழ்ப்பாணம் போனால் பாத்துக்கொண்டு வாறன்,” என்றார். அவர் யாழ்ப்பாணம் போவார், வருவார், கை வெறுங்கைதான். பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒரு முடிவு செய்துகொண்டார்கள். அரசனுக்கு நோய் வரும், கொம்பு நனைத்த தண்ணீரைக் கேட்டு அவன் குட்டியின் காலில் விழுவான் என்றாள் அம்மா. அத்தைக்கு அந்தச் சமரசமெல்லாம் ஒத்துவராது. குட்டி ஓடிவந்து அரசனின் பின்பக்கத்தில் ஒரு குத்து விடும் என்பது அவள் முடிவு. ஒரு மிளகாய்ப் பழத்தை நெற்றியில் பிடித்துக்கொண்டு, நெரைக்குள் குனிந்து ஓடி, அதை நடித்தும் காட்டுவாள். எனக்கும் அந்த முடிவுதான் பிடித்திருந்தது.

இப்படி நாங்கள் குதிரைகளுக்கு முடிவு செய்துகொண்டிருந்தபோது அத்தைக்கு வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள். நான் பிறப்பதற்கும் முன்னால் இரண்டு அரசாங்கங்கள் எங்கள் சனத்தைத் தலை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்டன. இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று மாட்டுச் சந்தையில் பேசுவது போலப் பேசியிருக்கிறார்கள். எங்கள் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். மாமா பையனாக இருந்தபோதே அவருடைய அப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். கல்யாணம் செய்த பெண் புருஷனுடைய கணக்கில். ஆகவே அண்ணன் இலங்கை, அதே தாய் வயிற்றில் பிறந்த தங்கை இந்தியா. அத்தை இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்தவள் இல்லை. மலையில், லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள்.

மாமா கெட்டவர் இல்லை. இரண்டு கலவரங்களில் அடிபட்டு ஓடியவர், மூன்றாம் தரம் ஓட வைப்பதற்கு முன்னால் தானாகவே போய்விட வேண்டும் என்று நினைத்தார். அவருடைய அண்ணன்மார் ஏற்கெனவே அங்கே போயிருந்தார்கள். எண்பத்திரண்டில், மிளகாய் பழுத்துத் தோட்டமெல்லாம் சிவந்திருந்த காலத்தில், இந்தியாவுக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று வந்து சொன்னார். எப்போது கப்பல் என்பதுதான் பாக்கி. வீட்டில் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள், பாத்திரங்களைப் பற்றிப் பேசினார்கள், இரண்டு ஆடுகளை யாருக்குக் கொடுப்பது என்று பேசினார்கள். அத்தை வழக்கம்போல மிளகாய் ஆய வந்தாள், வழக்கம்போலச் சிரித்தாள். நான் அவள் போக மாட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. விரும்பாத ஒருத்தியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று நம்புகிற வயது.

அந்த நாட்களில்தான் ஆறாவது புத்தகம் வந்தது. அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து, “இந்தாங்கோ, உங்கட குதிரை,” என்று மேசையில் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குப் பொறுமை இல்லை. அங்கேயே ஒரு கதிரையில் குந்தி ஒரே மூச்சில் வாசித்தேன்.

அரசன் திருந்திவிடுகிறான். சரி, திருந்தட்டும். திருந்தியவன் என்ன செய்கிறான்? குதிரைகளின் பாட்டன் பூட்டன் ஒரு காலத்தில் கடலுக்கு அப்பால் இருக்கும் தீவு ஒன்றிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கிழட்டு மந்திரி சொல்கிறான். அப்படியானால் அதுதான் இவர்களுடைய சொந்த ஊர் என்று அரசன் தீர்ப்புச் சொல்கிறான். கப்பல் கட்டுகிறார்கள். கப்பல் முழுக்கப் பூமாலை. குதிரைகள் வரிசையாக ஏறுகின்றன. ஆடு மேய்த்த பெண் கரையில் நின்று கையசைக்கிறாள், பிறகு அரசனின் மகனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பள்ளத்தாக்கில் கோதுமை விளைகிறது. எல்லோரும் தத்தம் இடம் போய்ச் சேர்ந்து இன்பமாக வாழ்கிறார்கள். முற்றும்.

குட்டி என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து புத்தகமாக வாய் ஓயாமல் பேசிய குட்டி, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்ற குட்டி, கடைசி அத்தியாயத்தில் ஒரு சொல் பேசவில்லை. அதனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து முதல் புத்தகத்தை இழுத்து முதல் பக்கத்தைப் பிரித்தேன். பனி, பாறை, குட்டி, எல்லாம் அப்படியே இருந்தன. இதே ஆள்தான் எழுதியிருந்தார். தான் எழுதியதை ஒரு தரம் புரட்டிப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இல்லையா? கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத ஒரு பிராணிக்குக் கடலுக்கு அப்பால் சொந்த ஊர் கொடுக்கிற அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தது?

அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, முடிவு சரியில்லையோ?” என்று கேட்டார்.

“சரியில்லை.”

“கலியாணத்திலைதானே முடியுது. பிறகென்ன?” என்றார். அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்தில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். புத்தகம் வந்த செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி சொன்னேன். அரசன் திருந்திய இடத்தில் அம்மாவுக்குச் சந்தோஷம். மந்திரி பேசிய இடத்தில் கைகள் மெதுவாகின. கப்பல் என்ற சொல்லைச் சொன்னபோது நெரை முழுக்கக் கைகள் நின்றுபோயின. நான் பார்த்து அந்தப் பெண்கள் கூலி நேரத்தில் கையை நிறுத்தியது அன்று ஒரு தரம்தான்.

“நீ சரியாத்தான் படிச்சியா?” என்றாள் ஒருத்தி.

“சரியாத்தான் படிச்சேன்.”

“ஏறிருச்சா? எல்லாமா?”

“எல்லாந்தான்.”

அத்தை பழம் போடுகிற கடகத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். “குட்டிகிட்ட கேட்டாங்களா?” என்றாள்.

“கேக்கல, அத்தை.”

“அது எங்க பொறந்துச்சு?”

“பள்ளத்தாக்குலதான். மொதப் பக்கத்துலயே இருக்கு.”

அதற்குப் பிறகு நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவரின் வம்சத்தையே இழுத்து வைத்து அவர்கள் திட்டிய திட்டுகளில் பாதியை அச்சில் போட முடியாது. பூமாலை கட்டினால் கப்பல் கப்பல் இல்லையென்று ஆகிவிடுமா என்றாள் ஒருத்தி. ஊற்றைக் கிளப்பிக் கொடுத்தது யார், தண்ணீரை நல்லதாக்கியது யார், இப்போது கோதுமை யாருக்கு என்று அம்மா கேட்டாள். எங்கள் அம்மா வாயில்லாப் பூச்சி. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சத்தம் கேட்டுத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வந்தார். ஊர்க்கார அம்மா, நல்ல மனுஷி. எங்களுக்குத் தேத்தண்ணீர் தன் வீட்டுக் கோப்பையிலேயே கொடுப்பவர். பெண்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்ன, எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறியள்?” என்றார்.

“ஒரு அநியாயம் நடந்துபோச்சு அக்கா,” என்றாள் அத்தை.

யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து அவருடைய முகம் மாறிவிட்டது. குதிரை விஷயம் என்று தெரிந்ததும் சிரித்தார். சிரித்தாலும் வரம்பில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “பூவெல்லாம் கட்டி மரியாதையாத்தானே அனுப்பினவை,” என்றார். “எங்கை இருந்தாலும் கடைசியிலை அவரவர் ஊருக்குப் போறதுதானே நல்லது. நீங்களும் ஒரு நாளைக்கு உங்கட ஊருக்குப் போகத்தானே வேணும்.”

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. குத்துவதற்காகச் சொன்னால் திருப்பி ஒன்று கொடுக்கலாம், அன்பாகச் சொன்னால் என்ன செய்வது?

“எங்க ஊரு எதுங்க அக்கா?” என்று கேட்டாள் அத்தை.

“இந்தியாதானே.”

“நா பாத்ததே இல்லீங்களே.”

அக்கா, வெயில் ஏறுகிறது, பழம் வதங்கிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பெண்கள் மறுபடி குனிந்தார்கள். என் நெரையை யாரும் தொடவில்லை, நானே ஆய்ந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை.

அன்று பின்னேரம் மாமா வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே, நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல் என்றார். அப்பாவும் அம்மாவும் நானும் அங்கேதான் இருந்தோம். அத்தை அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க,” என்றாள், அம்மியைப் பார்த்தபடியே.

“என்னத்தக் கேக்குறது? பேருதான் வந்துருச்சுல்ல.”

“பேரு வந்தா வரட்டும். வர்றியான்னு எங்கிட்ட கேளுங்க.”

அப்பா குறுக்கே வந்தார். “முடிவான காரியத்த இப்ப எதுக்குப் புள்ள கெளர்ற?”

“நீயும் கேக்கலண்ணே,” என்றாள் அத்தை.

மாமாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கள் முன்னால் காட்டவும் கூச்சமாக இருந்தது. கால் கழுவிய செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், சின்னப் பிள்ளையின் பிடிவாதத்துக்கு இறங்கிவருகிறவர் போல, “சரி, கேக்குறேன். வர்றியா?” என்றார்.

“வரல,” என்றாள் அத்தை.

கேட்டால் போதும், அவள் சமாதானமாகிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாமா சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அப்பா வெளியே எழுந்து போனார். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். கேட்டாகிவிட்டது, பதிலும் சொல்லியாகிவிட்டது. அடுத்த மாதம் மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாமாவை நான் ஒரு வகையில் மன்னித்துவிட்டேன். அவர் பயந்தவர். அவர் கையில் அரசாங்கம் திணித்த பேப்பர் இருந்தது, அதில் நாள் போட்டிருந்தது, அந்த நாளைத் தாண்டினால் பொலிஸ் வரும். அந்தப் புத்தகம் எழுதியவருக்கு யார் பேப்பர் அனுப்பினார்கள்? அவர் வீட்டு வாசலில் எந்தப் பொலிஸ் நின்றது? ஒரு பேனாவும் வெறும் தாளும் வைத்திருந்தவர். குட்டியை நிற்க வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் நிற்க வைத்திருக்கலாம். அரசனின் பின்பக்கத்தில் ஒரு குத்து விட வைத்திருக்கலாம், ஒரு காசு செலவில்லை. குறைந்தது ஒரு வரி கேட்டிருக்கலாம். எதையும் செய்யக்கூடிய ஒரு மனிதர், எதையும் செய்ய முடியாதவர்கள் செய்ததையே செய்துவிட்டு, அதற்கு இன்பமான முடிவு என்று பேர் வைத்தார். இதை நான் பொறுக்க மாட்டேன். குழந்தைகள் புத்தகம்தானே என்று சமாதானம் சொல்கிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். குழந்தைகள்தான் இதையெல்லாம் நம்பி வாசிக்கிறார்கள்.

அத்தை போன நாள் காலையில் நெரைப் பெண்கள் எல்லோரும் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தோட்டத்துக்கார அக்காவும் வந்திருந்தார். கிளிநொச்சி வரை பஸ், அங்கிருந்து ரயில், பிறகு கப்பல். அத்தை கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள், வேறு நல்ல சேலை அவளிடம் இல்லை. ஒவ்வொருத்தியாகக் கட்டிப் பிடித்தாள். என்னைப் பிடித்தபோது என் கன்னத்தைத் தடவினாள். மிளகாய்க் காரம் அவள் கையை விட்டுப் போயிருக்கவில்லை, என் கன்னம் வெகுநேரம் எரிந்தது.

“போட்டு வாங்கோ பிள்ளை,” என்றார் அக்கா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

நாங்கள் கடைக்குப் போவதென்றாலும் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வோம். வெறுமனே போகிறேன் என்பது சாவு வீட்டுப் பேச்சு. அத்தை எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, “போறேன்,” என்றாள்.

அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். “அப்புடிச் சொல்லாத புள்ள. போயிட்டு வர்றேன்னு சொல்லு.”

“யாரு வர விடுவா, அண்ணி?” என்றாள் அத்தை.

பஸ் வந்து நின்றது. மாமா தகரப் பெட்டியை ஏற்றிவிட்டு, படியில் நின்று அத்தைக்குக் கையை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல் தானே ஏறிக்கொண்டாள்.